முன்சீப் கோர்ட்டுத் தூண்

"மூணு மாசமா உங்க பின்னாடி நடக்கேன்மா. ஒரு வார்த்தை பேச விடலையே," ன்னாரு தேவநேசன்.

அவரு ரிட்டயரான வரலாறு வாத்தியார். முப்பத்திரண்டு வருஷம் பேசிப் பழகுன வாய். ஊர்ல இருக்கிற பழைய கட்டடங்களை வெளியூர்க்காரங்களுக்குச் சுத்திக் காட்டணும்னு ஆசை. அதைக் கத்துக்கத்தான் பாக்கியத்தாய்கிட்ட வந்து சேர்ந்தாரு.

பாக்கியத்தாய் அவரைவிடப் பத்து வயசு சின்னவங்க. எட்டாங்கிளாஸ்ல வரலாறுல தோத்தவங்க. பழைய முன்சீப் கோர்ட்டைக் கூட்டிப் பெருக்குறதுதான் அவங்க வேலை. கோர்ட்டு புதுக் கட்டடத்துக்குப் போச்சு, சாவி மட்டும் இவங்ககிட்டயே தங்கிப்போச்சு. பார்க்கணும்னு ஆளுங்க வந்தாங்க. திறந்து காட்டுனாங்க. அப்படியே தொழிலாயிருச்சு.

வர்ற ஞாயித்துக்கிழமை நாப்பது பேர் வர்றாங்க. அன்னிக்காவது தன்னைப் பேச விடணும்னு கேட்டாரு.

பாக்கியத்தாய் வராந்தாத் தூணைக் காட்டுனாங்க. இடுப்பு உயரத்துக்குக் கீழ, வெள்ளை வெள்ளையா திட்டு.

"இது என்ன சார்?"

மூச்சு விடாம ஆரம்பிச்சாரு. நூறு வருஷத்துக்கு முந்தின சுண்ணாம்புப் பூச்சு, கடுக்காய்த் தண்ணி விட்டு அரைச்சது, மேல உதிர்ந்து கீழ மட்டும் நிக்குதுன்னு கால் மணி நேரம் சொன்னாரு. நோட்டைப் பார்க்காமலே சொன்னாரு.

பாக்கியத்தாய் மடியிலேருந்து வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி எடுத்து அவரு கையில குடுத்தாங்க.

"நான் உள்ள போய் யோசிக்கேன். ஞாயித்துக்கிழமை பேசுறது நீங்களா நானான்னு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுதேன். இங்கயே இருங்க."

கதவைச் சாத்திக்கிட்டாங்க.

தூணை ஒட்டி உக்காந்தாரு. வெத்தலையில சுண்ணாம்பைத் தடவி மென்னாரு. விரல்ல கொஞ்சம் மிச்சம். கைக்குட்டை கொண்டு வரலை. சட்டை இஸ்திரி போட்டது. பழைய கட்டடத்துல கை வைக்காதேன்னு பிள்ளைங்களை அதட்டுனவரே அவருதான். விரலைத் தனியா நீட்டி வச்சுக்கிட்டாரு.

பத்து நிமிஷமாச்சு. அரை மணியாச்சு.

உள்ள ஒரு நாற்காலி நகர்ற சத்தம். அப்புறம் அதுவும் இல்ல. வேண்டாம்னுதான் சொல்லப் போறாங்கன்னு நினைச்சாரு. வேண்டாம்னு சொல்ல இவ்வளவு நேரமா ஆகும்னும் நினைச்சாரு. ஆயிரக்கணக்கான பரீட்சைப் பேப்பர் திருத்துன மனுஷன், காலை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கிட்டிருந்தாரு. ரெண்டாவது வெத்தலையும் தீர்ந்துபோச்சு.

கதவு திறந்துச்சு. கோர்ட்டுல டவாலி பேர் சொல்லிக் கூப்பிடுவாரே, அதே இழுவையில பாக்கியத்தாய் கூப்பிட்டாங்க.

"தேவநேசன்... தேவநேசன்... தேவநேசன்..."

மூணாவது தடவை முடியுறதுக்குள்ள எந்திரிச்சு ஓடுனாரு.

"கையில இருந்த சுண்ணாம்பு எங்க சார்?"

விரலைப் பார்த்தாரு. சுத்தமா இருந்துச்சு.

திரும்பித் தூணைப் பார்த்தாரு. பழசுக்கெல்லாம் நடுவுல புதுசா ஒரு வெள்ளைத் திட்டு. அடுத்த தூணைப் பார்த்தாரு. அதுக்கு அடுத்ததைப் பார்த்தாரு. வராந்தா முழுக்கப் பார்த்தாரு.

"கூப்பிடுவாங்கன்னு இத்தனை பேராம்மா இங்க காத்துக் கிடந்தாங்க?"

பாக்கியத்தாய் சாவியை அவரு கையில வச்சாங்க.