எண்ணாத பானை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஆசை வந்தால் ஊருக்குத் தலைவலி வந்த காலத்தில், ஒரு ராஜாவுக்கு விபரீத ஆசை ஒன்று முளைத்தது. "பெரிய ஏரிக்கு யார் தலைவர் என்று நான் சொல்லப்போவதில்லை. வருடாவருடம் ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும்" என்றார்.

ஏரித் தலைவர் என்றால் சின்னப் பதவியா? யார் வயலுக்குத் தண்ணீர், யார் வயல் காயவேண்டும் என்று தீர்மானிக்கிற பதவி. அமைச்சர் வாகைராயரும் மடை காக்கும் நாச்சியப்பனும் போட்டியிட்டார்கள். திரைக்குப் பின்னால் ஆளுக்கொரு பானை வைத்தார்கள். ஊரார் ஒவ்வொருவராக உள்ளே போய், பிடித்தவர் பானையில் ஒரு புளியங்கொட்டை போட்டுவிட்டு வந்தார்கள். யார் எதில் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. நெல் அளக்கும் சாத்தப்பன் சபை நடுவே உட்கார்ந்து உரக்க எண்ணினான். நாச்சியப்பன் வென்றார்.

வாகைராயர் ஒப்புக்கொள்வாரா? "செத்தவனெல்லாம் எழுந்து வந்து கொட்டை போட்டிருக்கிறான்! பானைக்குச் சூனியம்! சாத்தப்பன் திருடன்!" என்று குதித்தார். சாட்சி எங்கே என்று கேட்டதற்கு, "நான் தோற்றேனே, அது போதாதா?" என்றார். அன்றே அவருடைய ஆட்கள் நாச்சியப்பனின் வைக்கோற்போரைக் கொளுத்தினார்கள். சாத்தப்பனின் வலது கையை ஒடித்தார்கள். மறுநாள் தடிகளோடு அரண்மனை வாசலை வளைத்துக்கொண்டு, "சாத்தப்பனைக் கழுவேற்று!" என்று கத்தினார்கள்.

கொளுத்தியவனைப் பிடிக்க ராஜாவுக்குத் தைரியம் வரவில்லை. விகடகவி ஆவுடையானைக் கூப்பிட மட்டும் வந்தது.

ஆவுடையானைக் கண்டாலே வாகைராயருக்கு ஆகாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டார். "அரசே, இவர்தான் மகா புத்திசாலியாயிற்றே! மறுபடி இவரே நடத்தட்டும். முடிவை நான் என் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் இவர் தலையும் சாத்தப்பன் தலையும் உருளட்டும்" என்றார்.

"நியாயம்தான்" என்றார் ராஜா. அதில் என்ன நியாயத்தைக் கண்டாரோ!

மறுபடி அதே திரை, அதே பானைகள், அதே புளியங்கொட்டை. எல்லாரும் போட்டு முடித்ததும், ஆவுடையான் பானைகளைப் பட்டுத்துணியால் மூடிச் சபைக்குக் கொண்டுவந்தான். கைகூப்பி, "அரசே! உள்ளேயே எண்ணி முடித்தாயிற்று. அமைச்சர் வாகைராயர் வென்றார்!" என்றான்.

வாகைராயர் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா! சத்தியம் தோற்குமா?"

"திரையில் ஏதும் குறையுண்டா, அமைச்சரே?"

"துளியும் இல்லை!"

"பானைக்குச் சூனியம் என்றீர்களே?"

"எந்த மடையன் சொன்னான்? மங்கலப் பானை ஐயா இது!"

"சாத்தப்பன்?"

"உத்தமன்! அவன் எண்ணினால் எண்ணியதுதான். என் குலதெய்வத்தின்மேல் ஆணை, முடிவை ஒப்புக்கொள்கிறேன்!"

"அப்படியானால் வாசலில் நிற்பவர்களுக்குத் தடி எதற்கு?"

வாகைராயர் மாடத்துக்கு ஓடினார். "தடிகளைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்! நாளைக்கு விருந்து!" என்று கூவினார். கூட்டம் கலைந்தது. காவலர்கள் தடிகளை வாரிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் ஆவுடையான் பட்டுத்துணியை விலக்கினான். எல்லாரும் போட்டு முடித்ததும் இரண்டு பானைகளின் வாயிலும் அவன் வைத்த அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது.

"அரசே, இன்னும் ஒரு கொட்டைகூட எண்ணவில்லை. முடிவைத் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார் அமைச்சர். எண்ணிய பிறகு என்று சொல்லவில்லையே! இனி எண்ணலாமா?"

சாத்தப்பன் இடது கையால் எண்ணினான். மறுபடியும் நாச்சியப்பன்தான். ஆணையிட்ட வாயை வாகைராயரால் திறக்க முடியவில்லை.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆவுடையானுக்கு ஒரு பொற்கிழி கொடுத்தார். முகம் வாடிய வாகைராயருக்கும் ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார். கை ஒடித்தவர்கள் யார் என்று அவர் கேட்கவே இல்லை.

வெளியே வந்த ஆவுடையான் பொற்கிழியைச் சாத்தப்பனிடம் நீட்டினான். "கைக்கு நல்ல வைத்தியம் பாரப்பா. அடுத்த வருடமும் நீதான் எண்ண வேண்டும்."

சாத்தப்பன் வாங்கவில்லை. "ஐயா, நான் உள்ளதைச் சொன்னேன், கையை ஒடிச்சாங்க. நீங்க இல்லாததைச் சொன்னீங்க, எனக்கு உசிரு பொழைச்சுது. எண்ணுறதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

வாய்ப்பேச்சுக்குப் பேர்போன ஆவுடையான் பொற்கிழியும் கையுமாக அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே ராஜா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.