நட்டியா நீ?

அந்தக் காலத்தில் காட்டில் எல்லோருக்கும் பேச்சு இருந்தது. சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அப்படிக் கூடுதலாக வாய்த்தவர்களில் ஒருவர் ஓடைக்கரையில் குடியிருந்த ஒரு பறவை. நீண்ட மஞ்சள் கால், சிவந்த மூக்கு, இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல ஒரு சுத்தம். மஞ்சள்காலர் என்று பெயர். ஒரு பறவைக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்காதீர்கள். ‘அது’, ‘இது’ என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

ஒரு கோடையில் மூங்கில் உரசித் தீப்பிடித்து, மலையின் இந்தப் பக்கம் முழுவதும் எரிந்துபோனது. ஆற்றுக்குள் இறங்கியவர்கள் பிழைத்தார்கள். தீ அடங்கித் திரும்பி வந்தால் நிற்க நிழல் இல்லை, கூடு கட்ட ஒரு கிளை இல்லை. எல்லோரும் கரிக்கட்டைகளின்மேல் உட்கார்ந்து அழுதார்கள். அழுது முடித்ததும் காட்டுப்பன்றிதான் முதலில் பேசியது. மழைக்கு முன்னால் விதை ஊன்றிவிட்டால் காடு திரும்ப வந்துவிடும், யாருக்கும் கட்டாயமில்லை, விருப்பமுள்ளவர்கள் காலையில் வாருங்கள், குழி நான் பறித்துத் தருகிறேன் என்றது.

மறுநாள் காடே திரண்டு வந்தது. இருவாச்சிப் பறவை அக்கரை மலையிலிருந்து வாய் நிறைய விதை கொண்டுவந்தது. கரடி வந்தது. வேடிக்கை பார்க்க வந்த குரங்குகள் வேலையில் மாட்டிக்கொண்டன. மஞ்சள்காலரும் மனைவியோடு வந்தார். வந்ததும் வராததுமாக மனைவி ஒரு நாவல் விதையை எடுத்துச் சாம்பலைக் கிளறி நட்டாள். இன்னொன்றைக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிச் சிறகுக்கடியில் வைத்துக்கொண்டார். சாம்பலில் இறங்கினால் காலின் மஞ்சள் போய்விடுமே என்று அவருக்கு ஒரு கவலை. அதை வெளியே சொல்ல முடியுமா? ஒரு பாறைமேல் ஏறி நின்று, இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் மேற்பார்வைக்கு ஆள் வேண்டாமா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அதோடு விட்டாரா? ஒரு சட்டமும் போட்டார்.

“நாளைக்குக் காடு வளர்ந்ததும், ஒரு வேலையும் செய்யாதவன் நைசா வந்து கிளையில உக்காந்துக்குவான். அது நடக்காது. ஒரு விதையாவது மண்ணுல புதைச்சவங்கதான் மரத்துல ஏறணும். மத்தவங்களுக்குத் தரைதான்.”

சட்டம் நியாயமாக இருந்ததால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்புறம் அவர் குரல் ஓயவே இல்லை. யாராவது நிமிர்ந்து முதுகை நீட்டினால் போதும், தலைக்குமேல் வந்துவிடுவார். நட்டியா? நட்டியா நீ? முயல் தண்ணீர் குடிக்கப் போனால் பின்னாலேயே போய்க் கேட்பார். இருவாச்சி வாயைத் திறந்தால் விதை கொட்டிவிடும் என்று தெரிந்தும் கேட்பார். ஒரு குரங்கு சோம்பல்பட்டு, விதைகளை அள்ளி வீசிவிட்டு நட்டாயிற்று என்றது. எறிந்தால் நட்டதாகாது என்று அதைத் திரும்ப இழுத்துவந்து, அத்தனையையும் பொறுக்கி ஒவ்வொன்றாகப் புதைக்க வைத்துவிட்டுத்தான் விட்டார். எல்லோரும் அவரை ஆள்காட்டி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அதை ஏதோ பதவி என்று நினைத்து அவர் பூரித்துப்போனார்.

ஒரு மதியம் கரடி வெயில் தாங்காமல் வாயைப் பிளந்துகொண்டு படுத்துவிட்டது. ஆள்காட்டி பாறையிலிருந்து கத்திப் பார்த்தார். கரடி அசையவில்லை. வந்த ஆத்திரத்தில், சிறகுக்கடியில் கிடந்த விதையை எடுத்து எறிந்தார். அது நேராகக் கரடியின் வாய்க்குள் போனது. கரடி கண்ணைத் திறக்காமலே அதை விழுங்கிவிட்டுப் புரண்டு படுத்தது. இதைப் பார்த்த மனைவி, வேறொன்று எடுத்து நடச் சொன்னாள். மேற்பார்வை முடியட்டும், நட்டுக்கொள்ளலாம் என்றார். மேற்பார்வை முடிவதற்குள் விதை தீர்ந்துபோனது. மழையும் பிடித்துக்கொண்டது.

பல மழையும் பல வெயிலும் போய், காடு எழுந்து நின்றது. கூடு கட்டும் காலம் வந்தது. ஓடைக்கரையில் இருப்பதிலேயே பெரிய நாவல் மரத்தடியில் ஆள்காட்டி நின்றுகொண்டார். நட்டியா என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொருவராக மேலே விட்டார். கடைசியாக, வயிற்றில் முட்டையோடு அவர் மனைவி வந்தாள். அவளையும் கேட்டார். நட்டேன் என்று சொல்லிவிட்டுப் பறந்துபோய்க் கிளையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கீழே பார்த்தாள்.

“நீங்க நட்டீங்களா?”

அவளுக்குப் பதில் தெரியும். இருந்தாலும், தான் பார்க்காத நேரத்தில் எங்காவது ஒன்றை நட்டிருக்க மாட்டாரா என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

ஆள்காட்டி வாயைத் திறக்கவில்லை. காடே ஆச்சரியப்பட்டது. கரடிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“இந்த மரமே அவர் விதைதான். என் வாயில எறிஞ்சாரு. மறுநாள் காலையில நான் இந்த இடத்துலதான் ஒதுங்கினேன். அன்னிக்கு நான் ஒண்ணும் தூங்கல, சும்மா கண்ணை மூடியிருந்தேன்.”

அப்படியானால் அவர் நட்டதாகவே வைத்துக்கொள்ளலாம் என்றது பன்றி. எல்லோரும் சரி என்றார்கள். ஆள்காட்டி ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலோடு நின்று, அன்று விதைகளை வீசிய குரங்கு கிளையில் இருப்பதைப் பார்த்தார். குரங்கு ஏதாவது கேலி பேசியிருந்தால் அதோடு சண்டை போட்டுவிட்டு ஏறியிருப்பார். அதுவோ நகர்ந்து உட்கார்ந்து, அவருக்கு இடம்கூட விட்டது.

“எறிஞ்சா நட்டதாகாது” என்று சொல்லிவிட்டுக் காலைக் கீழே வைத்தார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

மனைவி மரத்திலிருந்து இறங்கினாள். உனக்கு உரிமை இருக்கிறது, நீ மேலேயே இரு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“அடைகாக்க ரெண்டு பேரும் மாறி மாறி உக்காரணும். நீங்க வர முடியாத இடத்துல எனக்கு எதுக்குக் கூடு?” என்று கேட்டுவிட்டு அவள் ஓடைக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டாள். எது கல், எது முட்டை என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மான் அதே வழியாக வந்தது. மிதித்தால் போயிற்று. ஆள்காட்டி விருட்டென்று எழும்பினார். அங்கே முட்டை இருக்கிறது என்று சொன்னால் முட்டை திருடுபவர்களுக்கும் கேட்டுவிடும். வேறு எதுவும் வாயில் வரவில்லை. மானின் தலைக்குமேல் பறந்து, பழகிப்போன கேள்வியையே கத்தினார். நட்டியா? நட்டியா நீ? மறுபடியும் முதலிலிருந்தா என்று மான் மிரண்டு, சுற்றுவழியாகப் போய்விட்டது.

அன்று முதல்தான் ஆள்காட்டி மரத்தில் உட்காருவதில்லை. தரையில் முட்டையிட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் யார் வந்தாலும் தலைக்குமேல் சுற்றிச் சுற்றி அதையே கேட்கிறார்; சொல்லப் பதில் இல்லாததால் நாமும் நடையை எட்டிப்போட்டு வந்துவிடுகிறோம், முட்டைகளும் பிழைத்துக்கொள்கின்றன.