வெறும் வேர்க்குரு

கபடி இறுதிப்போட்டி அன்று காலையில், எதிரணிப் பக்கம் பாடிப் போகும் ரைடர் செங்குட்டுவனுக்கு உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம். அணி முதலாளி தண்டபாணி ஒப்புக்கொள்ளவில்லை.

"இது வெறும் வேர்க்குரு. ஆடலாம்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ," என்றார், புதிதாகச் சேர்ந்திருந்த பிசியோதெரபிஸ்ட் பூங்கோதையிடம்.

பூங்கோதை தலையாட்டினாள். "சொல்லிடறேன் சார். அவங்க வாசல்லதான் நிக்கிறாங்க. நீங்க இவரைக் கட்டிப்பிடிச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா ஊரே நம்பிடும்."

அவளே கதவைத் திறந்தாள். உள்ளே படுத்திருந்த செங்குட்டுவன் காய்ச்சலோடு எழுந்து, கைகளை விரித்தபடி முதலாளியிடம் வந்தான். அவர் பதறிப் பின்வாங்கினார்.

"கிட்ட வராதேப்பா. எனக்கு இதுவரைக்கும் அம்மை போட்டதில்லை."

வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டுவிட்டது. அதற்குப்பின் யாரும் அவனை ஆடச் சொல்லவில்லை. செங்குட்டுவன் சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தான்.