உரித்த கதிர்

மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு மடம். குரு மங்கையர்க்கரசி அம்மை. சீடர் அருளப்பன் அவரைவிட இருபது வயது மூத்தவர். தானியக் கிடங்கில் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வேலையை விட்டாரே தவிர, குறை பார்க்கும் கண்ணை விடவில்லை.

புதன்கிழமை காலை, பக்கத்துக் காட்டு வெள்ளையம்மா கூடை நிறைய இளங்கதிர் பறித்து வந்தாள். வெள்ளிக்கிழமைப் பந்திக்கு அவள் காணிக்கை.

"தோலோடவே உள்ளே வையுங்க. மேல ஈரத்துணி போட்டுடுங்க" என்று அருளப்பனிடம் சொல்லிவிட்டுக் குரு பூசைக்குப் போனார்.

அருளப்பனுக்கு அது தெரியாததா? தோல் இருந்தால்தான் கதிர் வாடாது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றை உரித்தார். அப்புறம் இன்னொன்று. கூடை மொத்தத்தையும் உரித்து முடித்தபோது ஒரே ஒரு புழு கிடைத்தது. புதையல் கிடைத்தவர் போல அதைத் தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாரும்மா! இதையா மடத்துக்குக் குடுக்கிற?"

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுதானே சாமி" என்றாள் வெள்ளையம்மா. முகம் கறுத்துப்போயிற்று. வெறும் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

உரித்த கதிர்களை அருளப்பன் அழகாக அடுக்கி வைத்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் மணிகள் சுருங்கிவிட்டன. வேகவைத்தும் சப்பென்று இருந்தன. பந்தியில் முணுமுணுப்பு எழுந்தது.

"யாரு குடுத்தது இதை?"

"வெள்ளையம்மாதான். புழு வச்ச கதிராம். அன்னிக்கே அருளப்பன் ஐயா காட்டினாரே."

வெள்ளையம்மாவும் அதே பந்தியில்தான் இருந்தாள். இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிமாறிக்கொண்டிருந்த அருளப்பன் வாளியும் கையுமாக அங்கேயே நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வரவில்லை.

அவள் ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கதிர் தங்கமான கதிர்" என்றார் குரு, பந்திக் கோடியிலிருந்து. "மடத்துல சரியா வைக்கலை. மடத்துக்குப் பொறுப்பு நான். வெள்ளையம்மா, என்னை மன்னிச்சுக்கம்மா."

பந்தி அடங்கிப்போயிற்று. குரு தன் இலையில் இருந்த கதிரைக் கடைசி மணி வரை மென்று தின்றார். அருளப்பனை அவமானம் பிடுங்கித் தின்றது.

இலை எடுத்த பிறகு குருவின் முன்னால் போய் நின்றார். தலை நிமிரவில்லை.

"உரிச்சது நான். அவளைத் தலைகுனிய வச்சது நான். பந்தியில வாயைத் திறக்காம நின்னதும் நான்தான். எல்லாம் தெரிஞ்சும் ஏம்மா என் பேரைச் சொல்லலை?"

குரு கை கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்களை இன்னும் கொஞ்ச நாள் வச்சிருக்கணும். அதான் தோலோட வச்சேன்."