விலகி உட்காராத கரிச்சான்

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கரிச்சான் குருவியின் வால் பிளந்திருக்கவில்லை. மற்றப் பறவைகளுக்கு இருப்பதுபோல் முழு வால்தான். யாரோடும் சண்டைக்குப் போகாத சாது என்று ஏரிக்கரை முழுக்க அதற்குப் பெயர்.

அப்போது பறவைகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் அக்கம்பக்கத்தார் பார்க்க வருவார்கள். தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்து, அடுத்த கிளையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் வந்தவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். அது பெரிய அவமரியாதை.

கரைமேல் நின்ற கருவேல மரத்தில் மையி என்ற கரிச்சான் மூன்று குஞ்சு பொரித்தாள். அதுதான் அவள் பொரித்த முதல் ஈடு. மூன்றாம் நாள் காலையில் மைனா வந்து பார்த்துப் போனாள், தவிட்டுப்புறா வந்து போனாள். வெயில் ஏறியபின் காக்கை வந்தாள்.

“ஏன்டி மையி, ஊரே வந்து பாத்தாச்சு. எனக்கு மட்டும் சொல்லி அனுப்பலையே?”

“உங்களுக்குத் தனியா சொல்லணுமாக்கா? வாங்க.”

மையிக்கு எழ மனசில்லை. ஆனாலும் எழுந்துபோய் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள். “ராசா மாதிரி இருக்குதுங்கடி” என்று காக்கை சொல்வது கேட்டது. பிறகு இறக்கைச் சத்தம். திரும்பி வந்து பார்த்தால், இரண்டு குஞ்சுதான் இருந்தது.

அலகில் வெட்டுக்கிளியோடு வந்த மையியின் வீட்டுக்காரன், “காத்துல விழுந்திருக்கும்” என்றான்.

“காத்தா? ஒரு இலைகூட அசையலையே!”

“அவ நம்மைப்போல நாலு பங்கு பெரிசு. அவளைப் பகைச்சுக்கிட்டு இந்த மரத்துல குடியிருக்க முடியுமா? பேசாம இரு.”

மையி பேசாமல்தான் இருந்தாள். ஆனால் பொழுது சாயும்வரை மரத்தடியில் முள்ளுக்குள் புகுந்து புகுந்து தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் காக்கை திரும்ப வந்தாள்.

“நேத்து அவசரத்துல சரியாப் பாக்கலைடி. கொஞ்சம் நகரு.”

மையி நகரவில்லை.

“காது கேக்கலையா?”

“கேக்குதுக்கா. நகர மாட்டேன்.”

“கூடு தேடி வந்தவகிட்ட பேசுற பேச்சா இது? உங்க ஆத்தா இப்படித்தான் சொல்லிக் குடுத்தாளா?”

“எங்க ஆத்தா நகரத்தான் சொல்லிக் குடுத்தா. அவளுக்கு எத்தனை குஞ்சு போச்சோ, யாரு கண்டா.”

காக்கை சிரித்துக்கொண்டே கூட்டுக்குள் அலகை நீட்டினாள். அவ்வளவுதான். மையி அவள் தலைமேல் பாய்ந்தாள். காக்கை எட்டி மையியின் வாலைக் கவ்வி இழுத்தாள்; நடுச் சிறகுகள் கொத்தோடு போயின. வலியில் உயிர் போனது. மையி விடவில்லை. மேலே ஏறி ஏறி இறங்கி, உச்சந்தலையிலேயே கொத்தினாள். தன் உடம்பில் கால் பங்குகூட இல்லாத ஒருத்திக்குப் பயந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு காக்கை ஏரிக்கு அந்தப் பக்கம் ஓடிப் போனாள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தவிட்டுப்புறா மெல்லக் கிட்டே வந்தாள்.

“போன வருசம் என் குஞ்சு ரெண்டும் அவகிட்டதான் போச்சு, மையி. காத்துல விழுந்துடுச்சுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.” பிறகு கேட்டாள்: “இனி அவளை நெனச்சாலே வெறுப்பா இருக்கும், இல்ல?”

மையி யோசித்தாள். “வெறுப்பெல்லாம் இல்லை. அவளுக்கும் வயிறு இருக்கு. இங்க வரக் கூடாது, அவ்வளவுதான்.”

“உன் கீழ்க்கிளையில நான் கூடு கட்டிக்கட்டுமா?”

“கட்டிக்கோ. ஆனா ஒண்ணு. உன் குஞ்சைப் பாக்க நானே வந்தாலும் நகராதே.”

அன்றையிலிருந்துதான் கரிச்சானுக்கு வால் இரண்டாகப் பிளந்திருக்கிறது. குஞ்சு பார்க்கப் போகும் வழக்கமும் அன்றோடு நின்றது. கரிச்சான் கூடு வைத்த மரத்திலேயே புறாவும் மைனாவும் தேடி வந்து கூடு கட்டுவதும், அந்தப் பக்கம் தலைகாட்டும் காக்கையை அது துரத்தித் துரத்திக் கொத்துவதும் அதனால்தான். ஆனால் குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துப் பறந்துபோன பிறகு பாருங்கள். அதே காக்கையும் அதே கரிச்சானும் ஒரே கம்பியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு முழம் இடம் விட்டு.