அடித்தெழுதிய ஆணை

"சட்டத்துக்கு அடங்கி நடக்கணும்னு சொல்லிக்குடுத்ததே நீங்கதான் ஐயா. இப்ப நீங்களே மாட்டேன்னா எப்படி?"

சைலஸ் கேட்டான். கையில் கயிறு. வாசலுக்கு வெளியே காவலர் இருவர் துப்பாக்கியோடு நின்றார்கள்.

அமெரிக்காவில் விடுதலைப் போரால் இங்கிலாந்து மன்னரின் ஆட்சி ஒழிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. மாநிலத்துக்கு ஒரு புதுச் சட்டசபை. சைலஸ் அங்கே ஏவலன். ஐம்பதைத் தாண்டியவன், முன்பு கொல்லன். நாற்பது வயதில் பக்கத்து வீட்டு ஒபதியாவிடம் எழுத்துப் படித்தவன். ஒபதியா அவனுக்கு இளையவர், இப்போது சபை உறுப்பினர்.

சபை கூடுவதற்கு வேண்டிய எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைந்தது. ஒபதியா போய் உட்கார்ந்தால் எண்ணிக்கை நிறையும். சிறையில் கிடக்கும் ஏழு கலகக்கார விவசாயிகளை விசாரிக்காமலே தூக்கில் போடும் சட்டம் நிறைவேறும். நண்பகல்வரை போகாவிட்டால் கூட்டத்தொடர் முடிந்துவிடும், சட்டமும் ஒழியும்.

"நான் வரலை" என்றார் ஒபதியா.

"இழுத்துட்டு வரச்சொல்லி ஆணை இருக்கு ஐயா. வெறுங்கையோட போனா என்னை உள்ளே தள்ளிடுவாங்க."

"ஆணையைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. சைலஸுக்கு வெட்கமாகிவிட்டது.

"படிங்க. சத்தமா."

"'மக்களின் பெயரால்...'"

"அதுக்குக் கீழே அடிச்சிருக்கே, அதையும்."

புது அரசுக்குத் தாள் அச்சடிக்கக்கூட வக்கில்லை. மன்னர் காலத்துத் தாளிலேயே ஒரு வரியை அடித்து, மேலே எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தது. சைலஸ் கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"'மாட்சிமை தங்கிய மன்னரின் பெயரால்.'"

"மிச்சம்?"

"'இந்த ஆளைக் காரணம் கேளாமல் பிடித்து வருக.'"

மிச்சத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"போருக்கு முன்னால இதே தாளோட மன்னரோட ஆளுங்க என்னைப் பிடிக்க வந்தாங்க. அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"இந்த வாசல்லதான். சுத்தியலோட."

ஒபதியா இரண்டு கையையும் சேர்த்து, கட்டுவதற்கு வாகாக நீட்டினார்.

"மணி பன்னிரண்டு ஆகப்போகுது. இன்னும் கட்டலையா?" வெளியே ஒரு காவலன் கத்தினான்.

சைலஸ் கயிற்றைக் கீழே போட்டான். வாசலுக்குப் போய், ஒபதியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காவலர்களைப் பார்த்து நின்றான்.

கையில் சுத்தியல் மட்டும்தான் இல்லை.