பெஞ்சில் ஒட்டாத பீர்

பவேரியாவில் ஒரு சின்ன ஊர். அங்கே பீர் பரிசோதகர் ஆல்பிரெக்ட் பண்ணிய அட்டூழியம் சொல்லி மாளாது. பெஞ்சில் பீரை ஊற்றி, தோல் கால்சட்டையோடு அதன்மேல் உட்காருவார். ஒரு மணி நேரம் கழித்து எழும்போது கால்சட்டை பெஞ்சில் ஒட்டினால் நல்ல பீர். ஒட்டாவிட்டால் மட்டம், பீப்பாய்கள் பறிமுதலாகி நேரே அவர் வீட்டுக்குப் போகும். மூன்று வருஷமாக யார் காய்ச்சிய பீரும் ஒட்டித் தொலைக்கவில்லை.

அன்றும் ஒரு பீர் ஆலையில் உட்கார்ந்துவிட்டு அலுங்காமல் எழுந்தார். "வெறும் தண்ணி. வண்டியில ஏத்துங்க."

ஆலை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆலை நாயோ பரிசோதகரின் பின்னாலேயே போய் அவர் கால்சட்டையை நக்கியது. அதைப் பார்த்ததும், பீப்பாய் கழுவும் வால்புர்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, எங்க பீரை இந்த நாய் மோந்துகூடப் பாக்காது. பன்னிக்கொழுப்புன்னாதான் உயிரை விடும். பின்னாடி என்னத்தைத் தடவிக்கிட்டு வந்தீங்க?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "உளறாதே," என்றார் அவர்.

"அப்போ எங்க முதலாளியோட கால்சட்டையை மாட்டிக்கிட்டு இன்னொரு தடவை உட்காருங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தார். பெஞ்சும் கூடவே எழுந்தது.